பழைய பெட்ரோமாக்ஸைப் பழுதுபார்க்கும்போது செய்யக்கூடாதவை

பழைய பெட்ரோமாக்ஸைப் பிரிக்கத் தொடங்கும் புதியவர்கள் ஒரே மாதிரியான இடங்களில்தான் சறுக்குகிறார்கள். நாங்களும் அங்கே சறுக்கியவர்கள்தான். சூடேறும் முன்பே பம்பு அடிக்கக் கூடாது, எரிந்த மேண்டிலை (வெளிச்சம் தரும் வலைப்பை) விரலால் தொடக் கூடாது என்பதையெல்லாம் விளக்கே முதல் நாளில் சொல்லிக்கொடுத்துவிடும். அது சொல்லிக்கொடுக்காததை மட்டும் பார்ப்போம்.

நிப்பிளில் ஸ்டவ் பின்னை விடுவது

நிப்பிள் என்பது மண்ணெண்ணெய் ஆவி பீறிட்டு வரும் நுண்துளை உள்ள சிறு முனை, ஸ்டவ் பின் என்பது பம்பு ஸ்டவ்வின் அடைப்பை எடுக்கும் ஊசி. இதில் அதை விடுவதைப் பார்த்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. தெரிந்தவர் ஒருவர் விளக்கைக் கொண்டுவந்தார். மஞ்சளாக எரிகிறது, மேண்டில் உச்சியில் கரி அப்புகிறது. மேண்டிலை மாற்றியிருக்கிறார், வாஷர்களை மாற்றியிருக்கிறார், நன்றாக இருந்த வேபரைசரை (எண்ணெயை ஆவியாக்கும் குழாய்) கூடக் கழற்றி எறிந்துவிட்டு புதிது போட்டிருக்கிறார். "நிப்பிளில் என்ன விட்டீங்க?" என்று கேட்டேன். "ஸ்டவ் பின்தான், அடைச்சிருந்தது, சும்மா ஒரு குத்து" என்றார். அந்த ஒரு குத்துக்குத்தான் இத்தனை செலவும்.

500 மெழுகுவர்த்தித் திறன் விளக்கு ஒரு லிட்டர் மண்ணெண்ணெயில் சுமார் 8 மணி நேரம் எரியும். பம்பு ஸ்டவ் அதே எண்ணெயை அதைவிட வெகுசீக்கிரம் குடித்துவிடும். அப்படியென்றால் விளக்கு நிப்பிளின் துளை எவ்வளவு சிறியது என்று நினைத்துப் பாருங்கள். நிப்பிள் பித்தளை, பின் எஃகு. குத்தினால் துளை பெரிதாகும், அல்லது ஒரு பக்கம் இழுத்து முட்டை வடிவமாகும். ஆவி அதிகமாக வரும், நேராகவும் போகாது, காற்றோடு சரியாகக் கலக்காது. அப்புறம் எதை மாற்றினாலும் மஞ்சள்தான். சூடு போதாமல் வரும் மஞ்சள் சில நிமிடங்களில் தெளிந்துவிடும், இது தெளியாது, அதுதான் அடையாளம். நிப்பிளைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, பூதக்கண்ணாடியில் துளை வட்டமாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் புதிது வாங்குவதைத் தவிர வழியில்லை. அதையும் விளக்கின் திறனுக்குப் பொருத்தமாக வாங்குங்கள், 150 விளக்கில் 500 நிப்பிளைப் போட்டால் பழைய கதைதான்.

அடைப்பை எடுக்க விளக்குக்குள்ளேயே ஒரு ஊசி இருக்கிறது, குமிழைத் திருப்பினால் மேலே வந்து துளையைத் துடைத்துவிட்டு இறங்கும். அதற்கும் அசையாவிட்டால், ஊசியை முழுக்க இறக்கிவிட்டு (இறக்காமல் திருகினால் ஊசி முறியும்) நிப்பிளைக் கழற்றி கார்புரேட்டர் கிளீனரில் ஊறவிடுங்கள். கட்டாயம் குத்தித்தான் ஆக வேண்டுமென்றால் மின்வயரிலிருந்து ஒற்றைச் செம்பு இழையை உருவி, தடையில்லாமல் நுழைந்தால் மட்டும் விடுங்கள்.

பம்பு வாஷரைத் தூக்கி எறிவது

பம்பு காற்று பிடிக்கவில்லை என்றதும் வாஷர் வாங்க ஓடுகிறார்கள். தோல் வாஷர் காய்ந்து சுருங்கியிருக்கும், அவ்வளவுதான். இரவு முழுக்க மசகு எண்ணெயில் ஊறவைத்து, விளிம்பை விரலால் மெல்ல விரித்துப் போட்டால் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். விளிம்பு கிழிந்திருந்தால் மட்டும் மாற்றுங்கள்.

ஓட்டை மேண்டிலோடு எரிப்பது

ஓட்டை வழியே சீறும் தீ கண்ணாடியை உடைக்கும்.

பெட்ரோல் ஊற்றுவது

மண்ணெண்ணெய் விளக்கில் ஒரு சொட்டுக்கூடக் கூடாது.

காற்றுக் குழாயை மறப்பது

நாள்கணக்கில் சும்மா கிடந்த விளக்கில் சிலந்தி கூடு கட்டும், அதுவும் காற்று நுழையும் குழாய்க்குள். அதற்கும் மஞ்சள் தீதான் வரும். நிப்பிளைத் தொடும் முன்பு ஒரு பிரஷ்ஷை உள்ளே விட்டு இழுத்துப் பாருங்கள்.