ஊரில் தனியாக இருக்கும் அம்மாவை மறுபடி ஆட்களோடு சேர்ப்பது எப்படி

கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், தக்கலை, குளச்சல் பக்கம் எந்தத் தெருவில் போனாலும் அப்படி ஒரு வீடு இருக்கும். முற்றமெல்லாம் டைல்ஸ், மதிலில் கேமரா, உள்ளே ஒரே ஒரு ஆள், பிள்ளைகள் எல்லாம் துபாயிலோ சென்னையிலோ. அந்த ஒரு ஆள் உங்கள் அம்மா என்றால் மேலே படியுங்கள்.

வருஷக்கணக்கில் தனியாக இருப்பவர்கள் ஆட்களுக்காக ஏங்குவார்கள் என்று நினைக்கிறோம். தொடக்கத்தில் அப்படித்தான், ஆனால் நாள்பட்டுப் போனால் பலருக்கு அது தலைகீழாகிவிடும். மனசு எப்போதும் உஷாராகவே இருக்கும், தூக்கம் அடிக்கடி கலையும், பக்கத்து வீட்டுக்காரி சும்மா திரும்பிப் பார்த்தால்கூட முறைப்பது போலத் தெரியும், அதனால் இன்னும் ஒதுங்குவார்கள். ஆகவே "தனியா இருந்தாத்தான் நிம்மதி மக்கா" என்று அம்மா சொன்னால் அப்படியே நம்பிவிடாதீர்கள். முன்பு வாசலில் நின்று ஒரு மணி நேரம் கதை பேசியவர் இப்படிச் சொன்னால் அது சுபாவம் இல்லை.

அடுத்த முறை ஊருக்குப் போனால் சுவரில் தொங்கும் நாள்காட்டியைப் பாருங்கள், பத்து நாளாகக் கிழிக்காமல் இருக்கிறதா என்று. 1962இல் மிஷேல் சிஃப்ர் என்ற பிரெஞ்சுக்காரர் கடிகாரம் இல்லாமல் ஒரு குகைக்குள் இரண்டு மாதம் தனியாக இருந்துவிட்டு செப்டம்பர் 14 அன்று வெளியே வந்தார். அவர் கணக்கில் அன்று ஆகஸ்ட் 20தான். அவருக்கு வெயிலும் இல்லை, அம்மாவுக்கு வெயிலாவது உண்டு, சரி, ஆனால் ஞாயிறும் புதனும் ஒரே மாதிரி இருந்தால் நாள் குழம்பத்தான் செய்யும். மூன்று வேளையும் கஞ்சி, சாயங்காலம் ஐந்து மணிக்கே கேட்டைப் பூட்டுவது, இதையும் கவனியுங்கள்.

டிவி சத்தம் தெரு வரை கேட்டால் முதலில் காதைச் சோதியுங்கள். காது மந்தமானவர்கள் திரும்பத் திரும்ப "என்ன?" என்று கேட்க வெட்கப்பட்டே பேச்சை விட்டுவிடுவார்கள். தைராய்டு, வைட்டமின் பி12 பரிசோதனையும் செய்துவிடுங்கள்.

அப்புறம், கல்யாண மண்டபத்திலிருந்து தொடங்காதீர்கள்! ஐந்நூறு பேர், மைக் செட், "ஏன் இப்படி மெலிஞ்சிட்ட?" என்று ஆளுக்கொரு கேள்வி, திரும்பி வந்ததும் கதவை இன்னும் இறுக்கிப் பூட்டிக்கொள்வார்கள். ஒரே ஆள், ஒரே நேரம், கொஞ்ச நேரம், அது போதும். சொந்தக்காரப் பிள்ளை ஒன்றை வாரத்தில் இரண்டு நாள் சாயங்காலம் வரச் சொல்லுங்கள், ஆனால் "சித்தியைப் பார்க்க வந்தேன்" என்று வரவேண்டாம், ஒரு காரியத்தோடு வரட்டும்: "சித்தி, எங்க வீட்டு சாளைக் குழம்பு உங்கது மாதிரி வரமாட்டேங்குது, தேங்காய் எவ்வளவு வைப்பீங்க?" தனக்கு இரக்கப்பட்டு ஒருவர் வருவதற்கும் தன்னிடம் ஒன்று கேட்டு வருவதற்கும் உள்ள வித்தியாசம் அவர்களுக்கு உடனே தெரியும். இது பழகின பிறகு கோயிலோ, அன்பியக் கூட்டமோ (கத்தோலிக்கக் குடும்பங்கள் பக்கத்து வீடுகளில் கூடுவது), எது அவருக்கு முன்பே பழக்கமோ அது.

போனில் "சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா" என்று கேட்டால் "ம்" தான் பதில். தேங்காய் வெட்ட வந்தவர் மரத்துக்கு எவ்வளவு கேட்டார் என்று கேளுங்கள், கால் மணி நேரம் ஓடும். மதிலில் நாலு கேமரா வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்வது எனக்கு ஒத்துவராத பேச்சு.

பக்கத்து வீட்டுக்காரியைக் காட்டி "அவ என்னைப் பத்தித்தான் பேசுறா" என்று அம்மா சொன்னால் வாதாட வேண்டாம், "சரிதான்" என்று தலையாட்டவும் வேண்டாம். "வேற என்னவா இருக்கும்?" என்று மட்டும் கேட்டுவையுங்கள். தனிமை உணர்வைக் குறைக்கும் வழிகளைப் பற்றி பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2011இல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வில், ஆட்களைச் சந்திக்க ஏற்பாடு செய்வதைவிட மற்றவர்களைப் பற்றி இப்படித் தப்பாகக் கணக்குப் போடும் பழக்கத்தை மாற்றுவதுதான் அதிகம் பலன் தந்தது.

நம்ம மாவட்டத்தில் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் உண்டு. அந்த மாதங்களில் வருகிற ஆளும் வராமல் போவார்கள், அதற்கு மாற்று ஆளை முன்பே பேசி வையுங்கள். சாக வேண்டும் என்ற பேச்சு, யாரோ கூப்பிடுவது போலக் கேட்பது, திடீரென்று ஆளையே அடையாளம் தெரியாமல் குழம்புவது, இதில் எது வந்தாலும் ஆள் ஏற்பாடெல்லாம் அப்புறம், அன்றைக்கே ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கோ பக்கத்து ஆஸ்பத்திரிக்கோ கூட்டிப்போங்கள். வெளியூரில் இருந்துகொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லையா, 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இலவசமாக, தமிழிலேயே பேசலாம்.