வளவுக்குள் இருந்தே தாவரவியல் ஆங்கிலம்: தொடங்குவோருக்கான செய்முறை

உயர்தரத்தில் உயிரியலைத் தமிழில் படித்துவிட்டு, வவுனியாப் பல்கலைக்கழகத்துக்கோ, கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடத்துக்கோ செல்லும் வன்னி மாணவர்கள், அதுவரை தமிழில் அறிந்த பாடத்தை ஆங்கிலத்தில் கேட்க வேண்டியவர்களாகிறார்கள். இலைக்காம்பையும் சூலகத்தையும் நன்றாக அறிந்த பிள்ளை, அவற்றின் ஆங்கிலப் பெயர் வாயில் வராததால் பாடமே தெரியாதவர்போல் ஒடுங்கி இருப்பதைப் பார்ப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தரும். அந்தப் பிள்ளைக்காகவே இதை எழுதுகிறேன்.

சொற்பட்டியலை மனனம் செய்ய வேண்டாம். ஒரு கொப்பி, ஒரு பென்சில், ஒரு பிளேட் ஆகிய மூன்றையும் எடுத்துக்கொண்டு வளவுக்குள் இறங்குங்கள். இங்கே ஆங்கிலச் சொற்களின் ஒலியை மட்டும் தருகிறேன். எழுத்துக்கூட்டலை அகராதியில் பார்த்து, வரைந்த படத்தின் அருகே உங்கள் கையாலேயே எழுதுங்கள். தேடி எழுதிய சொல் எளிதில் மறக்காது.

முதலாம் படி, வேம்பில் ஓர் இலையைப் பறிப்பது. உங்கள் கையில் இருப்பது உண்மையில் இலையா என்று பாருங்கள். இலை தண்டோடு சேரும் கக்கத்தில் ஒரு சிறு மொட்டு இருக்கும். அதன் பெயர் அக்ஸிலரி பட். நாம் சாதாரணமாக வேப்பிலை என்று கிள்ளும் சிறு துண்டின் அடியில் அந்த மொட்டைக் காண முடியாது, ஏனெனில் அது லீஃப்லெட், அதாவது சீறிலை. அந்த மொட்டு உள்ள கக்கத்திலிருந்து புறப்படும் முழு ஈர்க்கும் அதில் உள்ள அத்தனை சீறிலைகளும் சேர்ந்ததே ஒரு லீஃப். இவ்வாறு பிரிந்த இலை கொம்பவுண்ட் லீஃப்; பூவரசில் உள்ளதுபோல் பிரியாத இலை சிம்பிள் லீஃப். இலைக்காம்பு பெட்டியோல், நடுநரம்பு மிட்ரிப், இலையின் விளிம்பு மார்ஜின். வேப்பஞ் சீறிலையின் விளிம்பு வாள்பல்போல் இருப்பதால் அது செரேட். பூவரசிலை இதய வடிவில் இருப்பதால் அது கோர்டேட். இரண்டையும் வரைந்து பெயரிட்ட பின், ஒரு முழு வாக்கியம் எழுதுங்கள்: ‘த லீஃப் இஸ் கொம்பவுண்ட், அண்ட் த லீஃப்லெட்ஸ் ஹாவ் செரேட் மார்ஜின்ஸ்.’ பன்மையில் லீஃப் என்பது லீவ்ஸ் ஆகும் என்பதையும் அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படியில்தான் தொடங்குவோர் பெரும்பாலும் தடுக்கி விழுகிறார்கள், ஆகவே இதில் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் நாம் முள் என்று ஒரே சொல்லால் அழைப்பதைத் தாவரவியல் ஆங்கிலம் மூன்றாகப் பிரிக்கிறது. தேசி மரத்தின் முள் இலைக்கக்கத்தில் தோன்றும் உருமாறிய தண்டு, அது தோர்ன். நாகதாளியின் முள் உருமாறிய இலை, அது ஸ்பைன். ரோசாவின் முள்ளை விரலால் பக்கவாட்டில் தள்ளினால் தோலோடு கழன்று வரும், ஏனெனில் அது மேற்பரப்பின் வளர்ச்சி மட்டுமே, அது பிரிக்கிள். கிழங்கும் அப்படியே. உருளைக்கிழங்கின் கண்கள் மொட்டுகளாதலால் அது ஸ்டெம் டியூபர். வற்றாளங்கிழங்கும் மரவள்ளியும் பருத்த வேர்கள். அவை ரூட் டியூபர். இஞ்சியும் மஞ்சளும் கணுக்களுடன் நிலத்தடியில் படரும் தண்டுகள் என்பதால் ரைசோம். வெங்காயத்தைப் பிளேட்டால் நெடுக்காக வெட்டினால், அடியில் ஒரு குட்டைத் தண்டும் அதைச் சுற்றிச் சதைப்பற்றான இலையடிகளும் தெரியும், அது பல்ப். சமையலறையிலேயே கிடைக்கும் இவற்றை ஒரே நாளில் வரிசையாக வைத்து வெட்டிப் பார்த்தால், எந்தச் சொல் எதற்குரியது என்ற குழப்பம் நீங்கிவிடும்.

மூன்றாம் படிக்குச் செவ்வரத்தை போதும். வெளியில் பச்சையாக உள்ள புல்லி செப்பல், சிவந்த அல்லி பெட்டல், கேசரம் ஸ்டேமன், நுனியில் ஐந்தாகப் பிரிந்து நிற்கும் குறி ஸ்டிக்மா, தம்பம் ஸ்டைல், அடியில் உள்ள சூலகம் ஓவரி. கேசர இழைகள் ஒன்றுசேர்ந்து தம்பத்தைச் சுற்றிக் குழாயாக நிற்பதைக் கவனித்து வரையுங்கள்.

கார்த்திகைப்பூவையும் நீங்கள் பார்க்க விரும்பலாம். அதன் இலைநுனி நீண்டு சுருண்டு கொழுகொம்பைப் பற்றும் விதம், டென்ட்ரில் என்ற சொல்லுக்கு மிக அழகான எடுத்துக்காட்டு. ஆனால் அந்தச் செடி முழுவதும், குறிப்பாகக் கிழங்கு, கடும் நஞ்சு. பறிக்காமல் நின்று பார்த்து வரையுங்கள்.

நான்காம் படி, நீண்ட சொற்களை உடைப்பது. இங்கே நம் பாடநூல் தமிழ் பெருந்துணை செய்கிறது. போட்டோ என்றால் ஒளி, சிந்தசிஸ் என்றால் ஒன்றுசேர்த்தல். இரண்டும் சேர்ந்த போட்டோசிந்தசிஸ், நாம் ஏற்கெனவே அறிந்த ஒளித்தொகுப்பேதான். மொனோகொட் என்பது ஒருவித்திலை, டைகொட் என்பது இருவித்திலை. பனையும் புல்லும் ஒருவித்திலைத் தாவரங்கள் என்பதை நினைவில் நிறுத்த, வெளியில் வைரம், அதாவது கடினமான பகுதி, கொண்டவற்றைப் புல் என்றும் உள்ளே வைரம் கொண்டவற்றை மரம் என்றும் தொல்காப்பிய மரபியல் பிரித்ததை எண்ணிக்கொள்ளுங்கள். அந்தப் பகுப்பில் பனை புல்லின் பக்கமே சேரும். ஆண்பனையும் பெண்பனையும் தனித்தனி மரங்களாதலால் பனை டையீசியஸ், அதாவது ஈரில்லமுள்ளது; கிரேக்கத்திலும் அந்தச் சொல்லுக்கு இரண்டு வீடு என்பதே பொருள்.

இறுதிப் படி மரங்களின் பெயர். இதில் இணைய மொழிபெயர்ப்பை நம்ப வேண்டாம். வன்னியில் முதிரை என்றால் தளபாடத்துக்குப் பெயர்போன வைர மரம், ஆங்கிலத்தில் சட்டின்வுட். பழைய அகராதிகளிலோ அது பருப்பு வகைகளைக் குறிக்கும். பாலை என்ற பெயரும் ஊருக்கு ஊர் வேறு மரத்தைச் சுட்டும். ஆகவே விஞ்ஞானப் பெயரையும் சேர்த்துப் பழகுங்கள். நம் காட்டுப் பாலை மணில்காரா ஹெக்சாண்ட்ரா. ஹெக்சா என்பது ஆறு, ஆண்ட்ரா என்பது ஆண் உறுப்பு, ஆகவே ஆறு கேசரங்கள் என்ற செய்தி பெயருக்குள்ளேயே இருக்கிறது. எழுதும்போது முதற்சொல்லைப் பெரிய எழுத்தில் தொடங்கி, இரண்டாம் சொல்லை முழுவதும் சிறிய எழுத்தில் எழுதி, இரண்டின் கீழும் தனித்தனியே கோடிட வேண்டும். அடுத்த பக்கத்தில் கருங்காலி, மருது, நாவல் என்று ஒவ்வொன்றாகத் தொடருங்கள்; கிழமைக்கு ஒரு மரம் போதும், ஆனால் இலையும் பூவும் வரைந்து ஐந்து ஆங்கில வாக்கியங்கள் எழுதாமல் அடுத்த மரத்துக்குப் போக வேண்டாம்.