நெப்ராஸ்காவில் மான் பார்க்க: புல்லை விட்டு ஓரத்தைப் பாருங்கள்

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலம் முழுக்கப் புல்வெளிதானே, மான் எங்கே ஒளிந்துவிடப் போகிறது என்று நெடுஞ்சாலை 80-இல் நண்பகலில் நாலு மணி நேரம் ஓட்டுகிறவர்கள் பெரும்பாலும் ஒன்றையும் பார்க்காமல் ஊர் போய்ச் சேருவார்கள். மான் வெட்டவெளியில் மேயும். ஆனால் சட்டென்று பாய்ந்து மறையத் தோதான தூரத்தில்தான் மேயும். அதனால் புல் முடிகிற இடங்களைத் தேடுங்கள்: ஓடைக்கரை, மரவரிசை, மக்காச்சோளக் கொல்லையின் விளிம்பு, சிடார் (cedar) மரங்கள் அடர்ந்த பள்ளம்.

இங்கே பரவலாகக் கண்ணில் படுவது இரண்டு வகை மான்கள். வெள்ளைவால் மான் மிரண்டால் வாலைக் கொடிபோலத் தூக்கிக்கொண்டு ஓடும். அதன் கலைமானின், அதாவது ஆண்மானின், கொம்பில் ஒரு முதன்மைத் தண்டிலிருந்து கிளைகள் வரிசையாக எழும். இரண்டாவது வகையான மியூல் டியருக்குக் கோவேறு கழுதைக் காது, கயிறுபோல மெலிந்த வால், அதன் நுனியில் கறுப்பு. கொம்பு கவையாகப் பிரிந்து, ஒவ்வொரு கவையும் மறுபடி பிரியும். மிரண்டால் நாலு காலையும் ஒன்றாக ஊன்றித் துள்ளித் துள்ளிப் போகும். கொஞ்ச தூரம் போய் நின்று திரும்பிப் பார்க்கும் பழக்கமும் அதற்கு உண்டு. படமெடுக்க அந்தக் கணம்தான் வாய்ப்பு. மேற்கே பட்டப்பகலில் சமவெளி நடுவே கூட்டமாக நிற்பது பெரும்பாலும் பிராங்ஹார்ன் என்ற மான்போன்ற விலங்கு. அது மான் குடும்பமே அல்ல.

வெள்ளைவால் மானுக்குக் கிழக்கே ஆற்றோரம் போங்கள். மிசூரி நதிக்கரையில் வடகிழக்கே பாங்கா மாநிலப் பூங்கா, தென்கிழக்கே இண்டியன் கேவ் மாநிலப் பூங்கா. இரண்டிலும் காடும் வயலும் ஒட்டியே கிடக்கின்றன. மியூல் டியர் மேற்குப் பாதியில்தான் தாராளம். பைன் ரிட்ஜ் பகுதியில் ஃபோர்ட் ராபின்சன், சாட்ரன் மாநிலப் பூங்காக்கள், தெற்கே கெரிங் ஊரை ஒட்டிய வைல்ட்கேட் ஹில்ஸ். ஒரே பயணத்தில் இரண்டையும் பார்க்க வேண்டுமானால் மணற்குன்றுகளின் ஊடே போகும் நெடுஞ்சாலை 2 நல்ல தேர்வு: மிடில் லூப் ஆற்றோர மரங்களில் வெள்ளைவால், மேலே மணல்மேட்டு மடிப்புகளில் மியூல் டியர். மாநிலப் பூங்காக்களுக்குள் போக வாகன அனுமதிச்சீட்டு வேண்டும். மாநிலத்தின் மொத்த நிலத்தில் ஏறக்குறைய 97 விழுக்காடு தனியாருடையது, கம்பிவேலியைத் தாண்டாதீர்கள்.

சூரியன் உதிப்பதற்கு அரைமணி முன்பிருந்து ஒன்றரை மணி நேரம், மாலையில் மறைவதற்கு ஒரு மணி முன்பிருந்து இருட்டும் வரை: இதுதான் நேரக்கணக்கு. மேற்கே போகிறவர்கள் கடிகாரத்தைக் கவனியுங்கள். மாநிலத்துக்குள்ளேயே ஒரு மணி நேரம் மாறும்.

மாதம் அதைவிட முக்கியம். ஜூலை முதல் அறுவடை வரை மக்காச்சோளம் ஆளுயரம் நிற்கும். உள்ளே இருபது மான் இருந்தாலும் காது நுனிகூடத் தெரியாது. அந்த மாதங்களில் தாழ்வான சோயா வயலின் ஓரத்தில் மாலையில் காத்திருங்கள். ஆகஸ்டில் கலைமான்கள் கொம்பில் மெத்துமெத்தென்ற தோலோடு சேர்ந்து மேயும்; செப்டம்பரில் தோலை உரசிக் கழற்றிவிட்டுப் பிரிந்துவிடும். அறுவடை முடிந்ததும் மறைவு போய்விடுகிறது, சிந்திய தானியம் மிச்சமிருக்கிறது. நவம்பரில் இணைசேரும் பருவமும் கூடிக்கொள்ள, கலைமான் பெண்மானைத் துரத்திக்கொண்டு நண்பகலிலும் வெளியே வரும். ஆண்டில் ஒரே ஒரு முறைதான் போக முடியும் என்றால் நவம்பர் முதல் வாரம். அதே மாத நடுவில் 9 நாள் துப்பாக்கி வேட்டைக்காலம் தொடங்கியதும் மான்கள் பகலில் அடங்கிவிடும். அந்த நாட்களில் நடக்க நேர்ந்தால் பளிச்சென்ற ஆரஞ்சு மேலாடையும் தொப்பியும் அணியுங்கள். வேட்டைக்காரருக்கு அது சட்டம், உங்களுக்கு அது உயிர். மானுக்கு ஆரஞ்சு பளிச்சென்று தெரியாது, நீலம்தான் நன்றாகத் தெரியும். ஜீன்ஸை வீட்டில் விட்டுவாருங்கள்.

ஜனவரி, பிப்ரவரியில் பனி படிந்திருந்தால் தெற்கு நோக்கிய சரிவுகளைப் பாருங்கள். வெயில் விழுந்து பனி அங்கே முதலில் கரையும். மான்கள் கூட்டமாகவே நிற்கும். ஆனால் கலைமான்கள் கொம்பை உதிர்க்கும் காலம் அது. ஆணா பெண்ணா என்று குழம்ப வேண்டியிருக்கும்.

பார்க்கும் முறை இதுதான். கார் இன்ஜினை அணைத்து, இறங்காமல், ஜன்னல் வழியே பாருங்கள். நிற்கும் காரை மான் பெரும்பாலும் பொருட்படுத்தாது. கதவு திறந்த நொடியில் ஓடிவிடும். கிழக்கே 8x42 (எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும்) பைனாகுலர் போதும். மணற்குன்றுகளில் 10x42 வேண்டும். முழு மானைத் தேடாதீர்கள். செங்குத்தான மரங்களுக்கிடையே கிடைக்கோடாகத் தெரியும் முதுகு, அசையும் காது, வெளுத்த பின்புறம் இவற்றில் ஒன்று முதலில் கண்ணில் படும். நடந்தால் காற்று உங்கள் முகத்தில் அடிக்க வேண்டும். பலர் சத்தமில்லாமல் நடந்தும் தோற்பது இதனால்தான். கண்ணை ஏமாற்றலாம், மூக்கை முடியாது. பலத்த காற்று வீசும் நாளில் மான் பள்ளங்களின் காற்று மறைவில் படுத்துவிடும். மேட்டைச் சுற்றி மறுபுறம் பாருங்கள்.

மழை பெய்தபின் வடமேற்கே டோட்ஸ்டூல் புவியியல் பூங்காவின் பக்கத்து மண்சாலைகளில் போகாதீர்கள். களிமண் சக்கரத்தில் பசைபோல அப்பிக்கொள்ளும், நாலு சக்கர இயக்கம் இருந்தாலும் சரி. கோடையில் புல்லில் நடந்தால் உண்ணி இருக்கிறதா என்று உடம்பைப் பாருங்கள். மேற்கே விரியன் இனத்துக் கிலுகிலுப்பைப் பாம்பும் உண்டு.

மே கடைசியிலும் ஜூனிலும் புல்லுக்குள் புள்ளிகளோடு அசையாமல் ஒரு குட்டி படுத்திருந்தால் அது அநாதை அல்ல. தாய் மணிக்கணக்கில் விலகி மேய்ந்துவிட்டுப் பால் கொடுக்க வரும். தொடாமல், படமெடுக்கக் குனியாமல், வந்த வழியே விலகுங்கள். நீங்கள் நிற்கும்வரை தாய் வராது.

திரும்பி ஓட்டும்போது இருட்டியிருக்கும். சாலையை ஒரு மான் கடந்தால் வேகத்தைக் குறைத்துப் பின்னால் வரும் இரண்டாவதுக்குக் காத்திருங்கள். குறுக்கே பாய்ந்தால் ஸ்டியரிங்கை ஒடிக்காமல் பிரேக்கை அழுத்துங்கள். மானைத் தவிர்க்கப் போய்க் கார் உருளுவதே பெரிய ஆபத்து.