ஆன்ட்டி எல்லாக் கேள்விக்கும் 5 போட்டார்: இணைய வகுப்புத் தளத்தைச் சோதிப்பது எப்படி

கோலாலம்பூரின் செந்தூலில் நாங்கள் சிலர் சனிக்கிழமை பிற்பகல்களில் சிறுதொழில் செய்யும் பெண்களுக்குக் கணக்கு எழுதச் சொல்லித் தருகிறோம். மசாலாத்தூள் அரைப்பவர், பூமாலை கட்டுபவர், முறுக்கு சுட்டு விற்பவர், ரவிக்கை தைப்பவர் என்று கலவையான வகுப்பு. தீபாவளி நெருங்கினால் பாதிப் பேர் வரமாட்டார்கள், அவர்களுக்கு அதுதான் வியாபாரக் காலம். சரி, பாடங்களை இணையத்தில் ஏற்றிவிடலாம் என்று முடிவானது. மூன்று தளங்களைச் சோதனைக் கணக்கில் திறந்து, எது நம் ஆட்களுக்குச் சரிப்படும் என்று பார்த்துச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது.

முதல் தடவை கோட்டை விட்டேன். ஐந்து பேரிடம் காட்டி, "எப்படி இருக்கு ஆன்ட்டி?" என்று கேட்டேன். "நல்லாத்தான் இருக்கு தம்பி" என்றார்கள். ஒரு படிவம் கொடுத்து மதிப்பெண் வாங்கினேன், 92 வந்தது. ஓராண்டுக் கட்டணமும் கட்டியாயிற்று. மூன்று வாரம் கழித்துப் பார்த்தால், வீட்டுப்பாடத்தைத் தளத்தின் வழியாக அனுப்பியவர் ஒரே ஒருவர். மற்றவர்கள் நோட்டில் எழுதி, படம் பிடித்து, எனக்கு வாட்ஸ்அப்பில் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாம் தடவை செய்த முறைதான் இது. சோதனைக் கணக்குத் திறப்பது, ஒரு மாதிரிப் பாடம் ஏற்றி வைப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

படி 1: ஐந்து பேர், ஆனால் எந்த ஐந்து பேர்?

"ஐந்து பேர் போதும்" என்று எங்கு பார்த்தாலும் எழுதியிருக்கும். தளங்களைப் பயன்படுத்துவது எவ்வளவு எளிது என்று ஆராயும் ஜேக்கப் நீல்சன் 2000இல் பரப்பிய கணக்கு அது. ஒரு குறை ஒருவர் கண்ணில் படும் வாய்ப்பு சராசரியாக 31 விழுக்காடு என்று வைத்தால், ஐந்து பேரைக் கொண்டு ஏறக்குறைய 85 விழுக்காடு குறைகளைப் பிடித்துவிடலாம். ஆனால் பத்தில் ஒருவருக்கு மட்டுமே இடறும் குறை என்றால், அதே ஐந்து பேரை வைத்து அது சிக்கும் வாய்ப்பு 41 விழுக்காடுதான். அதனால் ஐவரும் ஒரே மாதிரி ஆட்களாக இருக்கக்கூடாது. வகுப்பிலேயே கெட்டிக்காரரை விட்டுவிடுங்கள், அவர் எதையும் சமாளித்துவிடுவார். கண்ணாடி போட்டும் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பவர் ஒருவர், பழைய ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர் ஒருவர், மகனின் கைப்பேசியை இரவல் வாங்கிப் பார்ப்பவர் ஒருவர் கட்டாயம் வேண்டும்.

அவரவர் கைப்பேசியிலேயே சோதியுங்கள். என் மடிக்கணினியில் அழகாகத் தெரிந்த எதுவும் அவர்கள் கைப்பேசியில் அப்படித் தெரியவில்லை.

படி 2: வேலையைச் சொல்லுங்கள், பொத்தான் பெயரைச் சொல்லாதீர்கள்

"பதிவேற்று என்பதை அமுக்கி வீட்டுப்பாடத்தை அனுப்புங்கள்" என்று எழுதிக் கொடுத்தால் அது சோதனை இல்லை, விடை எழுதிய வினாத்தாள். நான் கொடுத்தவை இப்படி இருந்தன:

"போன சனிக்கிழமை உங்களால் வர முடியவில்லை. அன்றைக்கு என்ன நடத்தினார்கள் என்று பாருங்கள்."

"இதோ நோட்டில் எழுதிய கணக்கு. இது ஆசிரியர் கைக்குப் போய்ச் சேர வேண்டும்."

"வீடியோ ஓடிக்கொண்டிருக்கும்போது அடுப்பில் பால் பொங்குகிறது. போய்விட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து பாருங்கள்."

"அடுத்த வகுப்புக்கு 60 ரிங்கிட் கட்ட வேண்டும். கடைசித் திரை வரைக்கும் போய் நிறுத்திவிடுங்கள்."

கடைசி வேலையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். மூன்றில் ஒரு தளம் கடன் அட்டையை மட்டுமே கேட்டது. எங்கள் வகுப்பில் பலருக்குக் கடன் அட்டை கிடையாது. எஃப்பிஎக்ஸ் என்ற இணைய வங்கிச் சேவை வழியாக வங்கியிலிருந்து கட்டுவார்கள், இல்லையென்றால் கைப்பேசியில் குறியீட்டைப் படம் பிடித்துக் கட்டும் டூயிட்நவ் கியூஆர். அந்தத் தளத்தின் பாடத் திரை எவ்வளவு அழகாக இருந்து என்ன பயன்?

படி 3: பக்கத்தில் உட்காருங்கள், வாயைத் திறக்காதீர்கள்

நான் சறுக்கியது இங்கேதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம் வீடுகளில் ஒரு பெரியவர் கைப்பேசியோடு திண்டாடினால் நாம் சும்மா பார்த்துக்கொண்டிருக்க மாட்டோம். கை தானாகப் போகும். முதல் தடவை நான் அப்படித்தான் செய்தேன். "இங்க ஆன்ட்டி, இந்த மூலையில" என்று காட்டிக் காட்டியே ஐந்து பேரையும் கரையேற்றிவிட்டேன். அவர்களும் தாங்களே செய்ததாக நம்பினார்கள்.

இரண்டாம் தடவை மசாலாத்தூள் ஆன்ட்டியிடம் வீட்டுப்பாட வேலையைக் கொடுத்துவிட்டு இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன். நாங்கள் பணம் கட்டிய தளத்தின் திரை தமிழில் இருந்தது, அதைப் பார்த்துத்தான் முதலில் எல்லாரும் மயங்கினோம். ஆன்ட்டி எழுத்தைப் பெரிதாக வைத்திருந்ததால் பொத்தானுக்குள் சொல் அடங்கவில்லை. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பொத்தான்கள். ஒன்றில் "பதிவே…", மற்றதில் "பதிவி…". ஒன்று பதிவேற்று, மற்றது பதிவிறக்கு. அவர் கட்டைவிரல் இரண்டுக்கும் நடுவே கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் "பதிவி…" மேல் இறங்கியது. வினாத்தாள் இன்னொரு தடவை கைப்பேசியில் இறங்கியது. மேலே ஒரு சின்ன அடையாளம் வந்து போனது. "அனுப்பிட்டேன் தம்பி" என்றார், நிம்மதியாக.

மூன்று வாரமாக ஒருவரைத் தவிர யாருடைய வீட்டுப்பாடமும் தளத்தில் ஏன் வரவில்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. போதாக்குறைக்கு, புதிய கணக்குத் திறக்கும் பொத்தானின் பெயர் "பதிவு செய்". ஒரே வேரிலிருந்து மூன்று பொத்தான்கள். "அனுப்பு", "எடுத்துக்கொள்", "புதிதாகச் சேர்" என்று வைத்திருந்தால் இந்தப் பாடு இல்லை.

"இதை அமுக்கவா?" என்று உங்களைப் பார்ப்பார்கள். பதில் தயாராக இருக்கட்டும்: "நான் இங்க இல்லாட்டி என்ன செய்வீங்க?" முகத்தில் புன்னகை வேண்டும், இல்லாவிட்டால் பரீட்சை வைப்பது போல ஆகிவிடும். தொடங்கும்போதே "சோதனை தளத்துக்குத்தான், உங்களுக்கு இல்லை" என்று சொல்லிவிடுங்கள்.

மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்வது பழைய உத்தி. நம் ஆன்ட்டிகள் தனியாக உட்கார்ந்தால் ஊமையாகிவிடுகிறார்கள். அதற்கு ஒரு வழி, இரண்டு பேரை ஒரே கைப்பேசியோடு உட்கார வைப்பது. ரவிக்கை தைக்கும் அக்காவையும் அவர் நாத்தனாரையும் அப்படி வைத்தேன். "அது இல்ல அண்ணி, அது போன பாடம்" என்று அவர்களே எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்கள். நான் எழுதி மாளவில்லை.

கருவிகள் பற்றி ஒரு வார்த்தை. கைப்பேசியிலேயே இருக்கும் திரைப்பதிவு போதும். ஆண்ட்ராய்டு 11 முதல் அது கூடவே வருகிறது, ஐபோனில் ஐஓஎஸ் 11 முதல். அனுமதி கேட்டுவிட்டுப் பதியுங்கள். எங்கெங்கே தொடுகிறார்கள் என்று வண்ணப் படமாகக் காட்டும் சேவைகளைச் சிலர் பரிந்துரைப்பார்கள். அவற்றின் நிரல் துண்டைத் தளத்துக்குள் வைக்க வேண்டும். அடுத்தவர் தளத்தில் நீங்கள் எங்கே வைப்பது? என் ஓட்டு பென்சிலுக்கும் கோடு போட்ட நோட்டுக்கும்தான். நேரம், விரல் எங்கே போனது, வாயில் என்ன வந்தது என்று மூன்று நெடுவரிசை போட்டுக்கொள்ளுங்கள்.

படி 4: மதிப்பெண் படிவம், அதில் என் மானம் போன கதை

ஒரு தளத்தைப் பயன்படுத்துவது எவ்வளவு எளிது என்று அளக்க எஸ்யூஎஸ் (System Usability Scale) என்று ஒரு பத்துக் கேள்விப் படிவம் இருக்கிறது. ஜான் புரூக் 1986இல் உருவாக்கியது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 1 முதல் 5 வரை: 1 என்றால் சுத்தமாக ஒப்பவில்லை, 5 என்றால் முழுதாக ஒப்புகிறேன். சூட்சுமம் என்னவென்றால், ஒற்றைப்படை வாக்கியங்கள் தளத்தைப் புகழ்பவை, இரட்டைப்படை வாக்கியங்கள் குறை சொல்பவை. அதாவது நல்ல தளத்துக்கு ஒற்றைப்படையில் 5ம் இரட்டைப்படையில் 1ம் விழ வேண்டும்.

கணக்கு இப்படி. ஒற்றைப்படை ஐந்தின் கூட்டுத்தொகையில் 5ஐக் கழியுங்கள். 25இலிருந்து இரட்டைப்படை ஐந்தின் கூட்டுத்தொகையைக் கழியுங்கள். இரண்டையும் கூட்டி 2.5ஆல் பெருக்குங்கள். ஒற்றைப்படை மொத்தம் 22, இரட்டைப்படை மொத்தம் 10 என்றால் 17ம் 15ம் சேர்ந்து 32, மதிப்பெண் 80.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பத்தையும் அப்படியே கூட்டி இரண்டால் பெருக்கினேன். மசாலாத்தூள் ஆன்ட்டி படிவத்தைப் படிக்கவே இல்லை, என் மேல் உள்ள பாசத்தில் பத்துக்கும் 5 போட்டிருந்தார். என் கணக்கில் அது 100. சரியான கணக்கில் 20ம் 0ம் சேர்ந்து 20, மதிப்பெண் 50! பத்துக்கும் 3 போட்டாலும் 50தான், 1 போட்டாலும் 50தான். ஒரே எண்ணை வரிசையாகப் போட்ட படிவம் கையில் வந்தால் கணக்கில் சேர்க்காதீர்கள், அந்த ஆளோடு உட்கார்ந்து பேசுங்கள்.

இந்த மதிப்பெண் விழுக்காடு அல்ல. பொதுவாகச் சொல்லப்படும் சராசரி 68. அதனால் 60 வாங்கிய தளம் முதல் வகுப்பில் தேறியதாக எண்ண வேண்டாம். வாக்கியங்களைத் தமிழில் நீங்களே எழுதுவதானால் "சிரமமாக இல்லை என்று நான் கருதவில்லை" போன்ற இரட்டை மறுப்பைத் தவிருங்கள். "இதைப் பயன்படுத்துவது தொல்லையாக இருந்தது" என்று நேராகச் சொல்லலாம். ஐந்து பேரின் சராசரி ஆளுக்கு ஆள் நிறைய ஆடும், அதனால் 71க்கும் 74க்கும் வித்தியாசம் இருப்பதாகக் குழுவில் சண்டை போடாதீர்கள்.

படி 5: குறைகளை வரிசைப்படுத்துங்கள்

நீல்சனின் 0 முதல் 4 வரையிலான அளவு போதும்: 0 குறையே இல்லை, 4 என்றால் இதைச் சரிசெய்யாமல் வகுப்பைத் தொடங்கவே கூடாது. பொத்தான் வெட்டுப்பட்ட விவகாரத்துக்கு 4 போட்டேன். நிறம் பிடிக்கவில்லை என்று குழுத்தலைவர் சொன்னதற்கு 1.

புதுப்பிப்பு: பட்டர்வொர்த்திலிருந்து ஒரு வாசகர், தளத்தின் தேடலில் "கொள்முதல்" என்று அடித்தால் பாடமே வரவில்லை, ஆனால் பாடம் கண்ணெதிரே இருக்கிறது என்று எழுதியிருந்தார். நான் தேடலைச் சோதிக்கவே இல்லை. "கொ" என்பதில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் வைக்கலாம், ஒற்றைக் கொம்பு, துணைக்கால் என்று இரண்டாகப் பிரித்தும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். யூனிகோடும் இரண்டையும் சமமாகக் கொள்ளச் சொல்கிறது, ஆனால் எல்லாத் தளமும் அதைக் கேட்பதில்லை. பழைய கோப்பிலிருந்து ஒட்டிய தலைப்பு ஒருவகையாகவும் கைப்பேசியில் அடிப்பது வேறுவகையாகவும் இருந்தால் தேடல் கைவிரித்துவிடும். தலைப்பிலுள்ள சொல்லை நகலெடுத்து ஒரு தடவை தேடுங்கள், அதே சொல்லைக் கையால் அடித்து ஒரு தடவை தேடுங்கள். முதலாவது கிடைத்து இரண்டாவது கிடைக்கவில்லை என்றால் இதுதான் கோளாறு. இப்போதைக்குத் தலைப்புகளைக் கைப்பேசியிலேயே மறுபடி அடித்துச் சேமியுங்கள். அவருக்கு அதிலேயே சரியாகிவிட்டதாம்.

இன்னொரு புதுப்பிப்பு: எந்தத் தளத்தை எடுத்தீர்கள் என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். கட்டிய பணம் திரும்பவில்லை, அதனால் ஆண்டு முடியும்வரை அதே தளம்தான். தமிழ்த் திரையை ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டு, முதல் பாடத்தில் பொத்தான்களைப் படம் பிடித்துத் தமிழில் விளக்கிப் போட்டோம். வீட்டுப்பாடம் வருகிறது. மசாலாத்தூள் ஆன்ட்டி மட்டும் இன்னும் வாட்ஸ்அப்பில்தான் அனுப்புகிறார்.