சென்னை மொட்டை மாடியில் ஃப்ரீ டிஷ் திருப்பும் முறை

தூர்தர்ஷனின் இலவச டிவி சேவையான டிடி ஃப்ரீ டிஷ் வருவது ஜிசாட்-15 செயற்கைக்கோள் வழியாக, 93.5 டிகிரி கிழக்கில். சென்னையிலிருந்து அது தென்கிழக்கே, திசைகாட்டியில் சுமார் 134 டிகிரி. திசைகாட்டியை இரும்புக் கம்பத்தோடு ஒட்டிப் பிடித்தால் முள் பொய் சொல்லும். இரண்டடி தள்ளி நின்று பாருங்கள்.

முதலில் கம்பத்தை ரசமட்டம் வைத்துச் செங்குத்தாக்குங்கள். இதில் அலட்சியம் காட்டினால் பின்னால் எந்த அளவும் பொருந்தாது. ஏற்றக் கோணம், அதாவது தொடுவானிலிருந்து செயற்கைக்கோள் இருக்கும் உயரம், 68 டிகிரி. ஆனால் வீட்டு டிஷ்கள் ஆஃப்செட் வகை, அதாவது சிக்னல் வாங்கும் பகுதி நடுவில் இல்லாமல் கீழே தள்ளி இருக்கும் வகை என்பதால், தட்டு கண்ணுக்கு 43 டிகிரி போலத்தான் சாய்ந்திருக்கும். பலர் ஏமாறுவது இங்கேதான். பின்பக்க அளவுகோலை நம்புங்கள்.

டிஷ்ஷுக்குப் பின்னால் நின்று, எல்என்பியை (தட்டுக்கு முன்னால் கையில் பொருத்திய சிக்னல் வாங்கி) இடஞ்சுழியாகச் சுமார் 45 டிகிரி திருப்புங்கள். பிறகு தட்டை விரற்கடை அளவுக்கு நகர்த்தி மூன்று விநாடி நிறுத்துங்கள். செட்-டாப் பாக்ஸ் சிக்னலை மெதுவாகத்தான் காட்டும். ஸ்ட்ரென்த் 80 இருந்தும் குவாலிட்டி பூஜ்யம் என்றால் திசை தப்பு. குவாலிட்டிதான் கணக்கு.

நட்டுகளை மாறி மாறி முடுக்குங்கள். ஒரே பக்கம் முடுக்கினால் தட்டு நழுவும். கனெக்டருக்கு டேப் சுற்றி, கேபிளைக் கீழே வளையமாகத் தொங்கவிடுங்கள், மழைநீர் அங்கேயே சொட்டிவிடும்.