ஸ்னோமொபைல் த்ராட்டில் தகராறு: வட ஒன்டாரியோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

டொராண்டோவில் இருக்கும்வரை, பனிமேல் ஓடும் ஸ்னோமொபைல் நமக்குச் சம்பந்தமில்லாத பொருள். படிப்புக்காகவோ வேலைக்காகவோ சட்பரி, நார்த் பே, டிம்மின்ஸ், தண்டர் பே என்று வடக்கே ஏறியவர்களுக்கு நிலைமை வேறு. பக்கத்து வீட்டுக்காரர் வார இறுதியில் அதில்தான் மீன் பிடிக்கப் போகிறார். உடன் வேலை செய்பவர் தம் பழைய வண்டியை மலிவாகத் தருவதாகச் சொல்கிறார். ஒன்றிரண்டு குளிர்காலத்துக்குள் நம்மவர்களும் ஒன்றை வாங்கிவிடுகிறார்கள். அப்படி வாங்கும் பழைய வண்டியில் கோளாறு பெரும்பாலும் த்ராட்டிலில்தான், அதாவது வேகத்தைக் கூட்டும் ஆக்சிலரேட்டரில்தான், முதலில் தலைகாட்டும்.

ஊரில் பைக் ஓட்டியவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். பைக்கில் வலது கை லிவர் முன் பிரேக். இங்கே வலது கட்டைவிரலால் அழுத்தும் லிவர்தான் த்ராட்டில்; பிரேக் இடது கையில். பயந்தவுடன் வலது கையை இறுக்குவது நம் கைக்குப் பழகிய வேலை. இந்த வண்டியில் அப்படி இறுக்கினால் கட்டைவிரலும் சேர்ந்து அழுந்தி, வண்டி நிற்பதற்குப் பதிலாகப் பாயும். பருமனான கையுறையும் லிவரில் மாட்டிக்கொள்ளக் கூடும். ஆகவே ஓட்டப் பழகுவதற்கு முன் நிறுத்தப் பழகுங்கள். கைப்பிடியருகே உள்ள, இன்ஜினை உடனே அணைக்கும் கில் சுவிட்சைப் பார்க்காமலேயே தட்டத் தெரிய வேண்டும். நீங்கள் வண்டியிலிருந்து விழுந்தால் இன்ஜினை அணைக்கும் டெதர் கயிறு இருக்கும் வண்டியென்றால் அதன் மறுமுனையை ஜாக்கெட்டில் மாட்டாமல் கிளம்பவே கூடாது. த்ராட்டில் சிக்கிக்கொண்டால் பிரேக்கை நம்பி மல்லுக்கட்ட வேண்டாம், இன்ஜினை அணைத்துவிடுங்கள்.

ஒவ்வொரு முறையும் இன்ஜினைக் கிளப்புவதற்கு முன் லிவரை முழுக்க அழுத்தி விடுங்கள். டக்கென்று பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். மெதுவாக ஊர்ந்து திரும்பினாலோ, பாதியில் நின்றாலோ அன்று வண்டியை எடுக்காதீர்கள். இதற்கு இரண்டு விநாடிகூட ஆகாது. ஆனாலும் பல ஆண்டுகளாக ஓட்டுபவர்கள்தான் இதை அதிகம் தவிர்க்கிறார்கள்!

லிவர் ஒட்டுவதற்கு முதல் காரணம் பனிக்கட்டி. இதில் நம்மவர்களின் நல்ல எண்ணமே எதிரியாகிவிடும். பனி அப்பிய வண்டியைப் பத்திரமாக இருக்கட்டும் என்று சூடான கராஜுக்குள் நிறுத்துகிறோம். பனி உருகி, நீர், லிவரிலிருந்து இன்ஜினுக்குப் போகும் கேபிளின் உறைக்குள்ளும் லிவரின் இடுக்குகளிலும் இறங்குகிறது. மறுநாள் காலை மைனஸ் 25 டிகிரியில் வெளியே எடுத்ததும் அது மறுபடி உறைகிறது. திறந்த டிரெய்லரில் நெடுஞ்சாலை வழியாகக் கொண்டுபோனால் உப்புக் கலந்த சேறும் சேர்ந்துகொள்ளும். உள்ளே நிறுத்துவதற்கு முன் பனியை நன்றாகத் துடைத்துத் தள்ளுங்கள். டிரெய்லரில் ஏற்றும்போது உறை போடுங்கள். உறைந்த கேபிள்மேல் கொதிநீர் ஊற்றச் சொல்லும் புண்ணியவான்கள் உண்டு. கேட்காதீர்கள், அந்த நீரும் சற்று நேரத்தில் உறையும். சூடான இடத்தில் வைத்து முழுக்க உலரவிட்டு, குளிரில் கெட்டிப்படாத கேபிள் லூப்ரிகன்ட் விட வேண்டும். சாதாரண கிரீஸ் வேண்டாம், அது குளிரில் மெழுகாக இறுகும். கேபிளின் முனையில் ஓர் இழை அறுந்திருந்தாலும் புதிதாக மாற்றிவிடுங்கள்.

லிவர் சரியாகத் திரும்பியும் இன்ஜின் வேகம் இறங்கவில்லையா? பறக்கும் தூள்பனியை இன்ஜின் உறிஞ்சி, கார்புரேட்டருக்குள் காற்று வழியைத் திறந்து மூடும் ஸ்லைடு உறைந்திருக்கலாம். சில வண்டிகளில் கார்புரேட்டரைச் சூடாக்க, இன்ஜின் சூட்டைச் சுமந்துவரும் கூலன்ட் திரவத்தின் குழாய் உண்டு. அதற்கு வால்வு இருந்தால் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பனிக்கட்டி எதுவும் இல்லாமலே வேகம் மேலேயே தங்கினால் கார்புரேட்டரை இன்ஜினோடு இணைக்கும் ரப்பரில் வெடிப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். அந்த வழியே காற்று கூடுதலாகப் புகுந்தால் டூ ஸ்ட்ரோக் இன்ஜினின் பிஸ்டன் சூடேறிக் கருகிவிடும். வீடுவரை ஓட்டிவிடலாம் என்று நினைத்தால் செலவு பல மடங்காகும்.

இன்ஜின் கிளம்புகிறது, லிவரை அழுத்தினால் திணறி அணைகிறது என்றால் சோக் இன்னும் இழுத்தபடியே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது இல்லையென்றால் பழைய பெட்ரோல். கோடை முழுக்கத் தொட்டியில் கிடந்த பெட்ரோல் பிசினாகி, கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் நுண்துளையான பைலட் ஜெட்டை அடைத்திருக்கும். கழற்றி, கிளீனர் அடித்து, காற்றால் ஊதுங்கள்; கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகிக் கலவையே கெடும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும் என்பதால், வசந்தத்தில் வண்டியை மூடி வைக்கும்போதே, பெட்ரோல் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசரைத் தொட்டியில் ஊற்றிவிடுவது நல்லது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. சில மாடல்களில் த்ராட்டில் கேபிள் தொய்ந்தால் இன்ஜினைத் தானாக அணைக்கும் பாதுகாப்பு சுவிட்ச் லிவருக்குள் இருக்கிறது. கேபிள் கொஞ்சம் தளர்ந்திருந்தால் போதும், நல்ல இன்ஜின் காரணமில்லாமல் நின்று நின்று போகும். பிளக்கை மாற்றி, பெட்ரோலை மாற்றி அலுத்துப்போவார்கள். கையேட்டில் சொன்ன அளவுக்குக் கேபிளை இறுக்கினால் சரியாகிவிடும். அந்த சுவிட்சின் ஒயரைக் கழற்றிவிட்டு ஓட்டும் குறுக்குவழியை யாராவது சொல்லித் தருவார்கள். ஸ்லைடு திறந்தபடி உறையும் நாளில் உங்களைக் காப்பதே அந்த சுவிட்ச்தான்.

இன்ஜின் கத்துகிறது, வண்டி நகரவில்லை என்றால் த்ராட்டில்மேல் பழி போடாதீர்கள். இன்ஜின் விசையைக் கடத்தும் டிரைவ் பெல்ட் தேய்ந்திருக்கும், அல்லது வண்டியின் அடியில் சுழன்று அதை நகர்த்தும் டிராக் பட்டை தரையோடு உறைந்திருக்கும். இன்ஜினை அணைத்துவிட்டு, பின் பம்பரைப் பிடித்துத் தூக்கி அசைத்தால் டிராக் விடுபடும். இன்ஜின் ஓடும்போது பின்னால் யாரும் நிற்கக் கூடாது. கேபிளே இல்லாத எலக்ட்ரானிக் த்ராட்டில் வண்டிகளில் எச்சரிக்கை விளக்கு எரிந்து வேகம் குறைந்தால் வீட்டில் நோண்டாமல் டீலரிடம் கொண்டுபோங்கள்.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள், தாங்கள் வரும்வரை இன்ஜினைக் கிளப்ப வேண்டாம் என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். சூடான இன்ஜின் பல நோய்களை மறைத்துவிடும். இன்ஜின் ஓடும்போது ஹேண்டிலை இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் திருப்புங்கள். திருப்பும்போது சத்தம் ஏறினால் கேபிள் எங்கோ தப்பாகப் போகிறது. ஒரு வளைவில் வண்டி தானாகவே வேகமெடுக்கும். பதிவு, காப்பீடு, ஹெல்மெட், பொதுப் பாதைகளுக்கான டிரெயில் பெர்மிட் ஆகியவை ஒன்டாரியோவில் கட்டாயம். வேறு அறிவிப்பு இல்லாத பாதைகளில் வேக வரம்பு மணிக்கு 50 கிலோமீட்டர்.

மெக்கானிக்கிடம் போகும்போது "த்ராட்டில் சரியில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதா, சூடான பிறகா, மெல்ல அழுத்தும்போதா, முழுக்க அழுத்தும்போதா என்று சொன்னால் பாதி வேலை அங்கேயே முடியும். முதல் பனி விழுந்ததும் ஊரே பட்டறை வாசலில் நிற்கும். அக்டோபரிலேயே வண்டியைக் காட்டிவிடுங்கள்.