மெஷ் வைஃபை குசினி வரை எட்டவில்லையா? ஒரு லேன் கேபிள் போதும்

மெஷ் வைஃபை என்பது வீடு முழுக்கச் சிக்னல் எட்ட ஒன்றுக்கு மேற்பட்ட பெட்டிகளை வைக்கும் முறை. அதன் இரண்டாவது பெட்டியை முதல் பெட்டியோடு லேன் கேபிளால் இணைத்துவிடுங்கள்; மூன்றாவது பெட்டிக்குக் காசு போடும் முன் இதைச் செய்து பாருங்கள்.

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தாமான் (குடியிருப்புப் பகுதி) வரிசை வீடுகள் நீளமானவை. மோடம் வாசலில், இழுத்துக் கட்டிய குசினி பின்னால், நடுவில் செங்கல் சுவர்கள். இரண்டு பேண்ட் (அலைவரிசை) மட்டும் உள்ள மெஷ் பெட்டி, முதல் பெட்டியிடம் வாங்கவும் கைப்பேசிக்குக் கொடுக்கவும் ஒரே அலைவரிசையைப் பயன்படுத்த வேண்டியிருப்பதால் வேகம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். கேபிள் போட்டால் அந்தச் சுமை கம்பிக்குப் போய்விடும்; வைஃபை முழுக்க உங்கள் கைப்பேசிக்குத்தான்.

கேட் 5இ என்ற சாதாரண வகை லேன் கேபிளே 100 மீட்டர் வரை 1 ஜிபிபிஎஸ் (1000 எம்பிபிஎஸ்) வேகம் தாங்கும், விலை கூடியது வேண்டாம். ஆனால் சுத்தச் செம்பா என்று கேட்டு வாங்குங்கள். கேபிள் முனைப் பிளக்கில் எட்டுக் கம்பியில் ஒன்று சரியாகக் கடிக்காவிட்டாலும் வேகம் 100 எம்பிபிஎஸ்ஸில் நின்றுவிடலாம். அப்புறம் பெட்டியைக் குறை சொல்லிப் பயனில்லை.

பெட்டியில் கேபிள் செருகும் போர்ட்டே 100 எம்பிபிஎஸ் என்றால் பெரிய பலன் இருக்காது. முற்றம் தாண்டி அடுத்த வீட்டுக்குச் செம்புக் கேபிள் இழுக்கவே இழுக்காதீர்கள். நம்மூர் இடி மின்னலுக்கு இரண்டு பக்கப் பெட்டியும் போய்விடும். அதற்கு ஃபைபர் கேபிள்தான் சரி.